பலகைக்கு ஒரு மூன்றாம் கை

பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலையை அடுத்துள்ள ஊர் அரும்பாவூர். அங்கும் அருகிலுள்ள தழுதாழையிலும் மரச்சிற்பக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக உளி பிடித்து வருகின்றனர். வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில், பெரும்பாலும் ஒரே கட்டையில், தெய்வ உருவங்களையும் கோயில் வாகனங்களையும் தேர்ச் சிற்பங்களையும் செதுக்குகின்றனர். 2020-ஆம் ஆண்டில் அரும்பாவூர் மரச்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றன.

சிற்பத்தைப் பார்ப்பவர்கள் உளியின் நுட்பத்தைப் புகழ்வார்கள். ஆனால் உளி மரத்தைத் தொடுமுன் மரம் அறுபட வேண்டும், இழைபட வேண்டும். பத்தடி நீளப் பலகையை வட்ட ரம்ப மேசையில் ஒருவர் தள்ளும்போது, மேசையைத் தாண்டி வெளியே நீளும் மறுமுனையை யார் தாங்குவது? சிற்பப் பட்டறையானாலும் சரி, கதவு நிலை செய்யும் சிறு பட்டறையானாலும் சரி, வழக்கமான விடை ஒன்றுதான்: "தம்பி, அந்த நுனியைக் கொஞ்சம் பிடி!"

தம்பி பிடிக்கிறான். கை சளைத்தால் சற்றுத் தாழ்த்துகிறான். ஆர்வம் மிகுந்தால் சற்று இழுக்கிறான். இரண்டுமே ஆபத்து. மேசைக்கு மேல் தெரியும் ரம்பத்தில், தள்ளுபவரின் பக்கமுள்ள பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. எதிர்ப்பக்கத்துப் பற்கள் மேல்நோக்கி ஏறுகின்றன. நுனி தாழ்ந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ அறுப்பு வாய் நெருங்கினால், பலகை அந்த ஏறும் பற்களைக் கவ்விக்கொள்ளும். அடுத்த நொடி பலகை தூக்கப்பட்டு, தள்ளுபவரின் மார்பையோ வயிற்றையோ நோக்கிப் பாயும். "பலகை உதைத்துவிட்டது" என்பார்கள். பலகையைப் பற்றியிருந்த கை அந்த வேகத்தில் ரம்பத்தின் மேல் சரிவதும் உண்டு.

இந்த ஆபத்தின் ஒரு பெரும் பகுதியை நீக்கக்கூடிய எளிய கருவி, உயரம் மாற்றத்தக்க மரத் தாங்கி. அதை மிச்சக் கட்டைகளைக் கொண்டே செய்துவிடலாம். அதன் ஒவ்வோர் உறுப்பிலும் பள்ளியில் படித்த இயற்பியல் ஒளிந்திருக்கிறது. அதையும் சேர்த்தே காண்போம்.

கை தாங்கும் சுமை எவ்வளவு?

நீளம் 3 மீட்டர், அகலம் 20 செ.மீ., தடிப்பு 2.5 செ.மீ. உள்ள வாகைப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 10 கிலோ. பலகை சீரானதாக இருந்தால் அதன் ஈர்ப்பு மையம் நட்டநடுவில், அதாவது முனையிலிருந்து 1.5 மீட்டரில் இருக்கும். பாதிப் பலகை மேசையின் விளிம்பைத் தாண்டும் வரை தொல்லை இல்லை. அதற்கு மேல் தள்ளினால் விளிம்பு ஒரு நெம்புகோலின் தாங்குபுள்ளி ஆகிவிடுகிறது. வெளியே தொங்கும் பகுதி கவிழப் பார்க்கிறது. அதைத் தடுக்க, தள்ளுபவர் பின்முனையைக் கீழே அழுத்தியாக வேண்டும்.

எவ்வளவு அழுத்த வேண்டும்? இரு பக்கத்துத் திருப்புத்திறன்களும் சமமாக வேண்டும் என்ற விதியே விடை தரும்.

மேசை மேல் எஞ்சியிருப்பது 1 மீட்டர் என்றால், ஈர்ப்பு மையம் விளிம்புக்கு வெளியே அரை மீட்டரில் உள்ளது. 10 கிலோவை அரை மீட்டரால் பெருக்கினால் 5. இதை 1 மீட்டரால் வகுத்தால், கை தர வேண்டிய அழுத்தம் 5 கிலோ.

எஞ்சியிருப்பது 75 செ.மீ. என்றால் 10 கிலோ.

எஞ்சியிருப்பது 50 செ.மீ. என்றால் 20 கிலோ.

பலகையின் எடையே 10 கிலோதான். கடைசிக் கட்டத்தில் கையோ அதைப்போல் இரு மடங்கு அழுத்த வேண்டியிருக்கிறது. அப்போது கை எங்கே இருக்கிறது? பல மேசைகளில் பின்விளிம்பிலிருந்து அரை மீட்டர் என்பது ரம்பம் சுழலும் இடத்தை ஒட்டியே வரும். ஆக, மிக அதிக பலம் தேவைப்படும் நேரமும், கை ரம்பத்துக்கு மிக அருகில் இருக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. விபத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மாணவர்கள் இதை ஓர் அடிக்கோலைக் கொண்டே உணரலாம். 30 செ.மீ. அடிக்கோலை மேசை விளிம்பில் வைத்து, பின்முனையை ஒரு விரலால் அழுத்தியபடி மெல்ல வெளியே தள்ளிப் பாருங்கள். விரலுக்கே வேறுபாடு தெரியும்.

தாங்கியை எங்கே நிறுத்துவது?

பலகை கவிழத் தொடங்குவது அதன் பாதி நீளம் வெளியே வந்ததும்தான். ஆகவே அதற்குச் சற்று முன்பே அதன் நுனி தாங்கியின் மேல் ஏறிவிட வேண்டும். 3 மீட்டர் பலகைக்குப் பாதி 1.5 மீட்டர், தாங்கியை விளிம்பிலிருந்து 1.4 மீட்டரில் நிறுத்தலாம். "பாதி நீளத்துக்கு ஒரு கையளவு குறைவு" என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது மேசையில் 50 செ.மீ. எஞ்சியிருக்கும் நிலையை மறுபடி கணக்கிடுவோம். ஈர்ப்பு மையம் விளிம்புக்கும் தாங்கிக்கும் நடுவே அமைந்துவிட்டது. தாங்கி ஏறத்தாழ 7 கிலோவையும் மேசை விளிம்பு 3 கிலோவையும் ஏற்கின்றன. கை அழுத்த வேண்டியது ஒன்றுமில்லை. தள்ளினால் மட்டும் போதும். அந்தத் தள்ளலையும் கையால் அன்றி ஒரு தள்ளுகோலால் செய்யலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளியே நீளும் பலகை தன் எடையாலேயே தொய்கிறது. மேற்சொன்ன பலகை 1.4 மீட்டர் நீண்டதும் நுனி அரை செ.மீ. அளவு தாழ்ந்துவிடும். தொய்வு நீளத்தின் நான்காம் படியைப் பொறுத்தது; நீளம் இரட்டித்தால் தொய்வு 16 மடங்கு. தடிப்பு பாதியானால் தொய்வு 4 மடங்கு. எனவே தாங்கியின் தலை சதுர விளிம்புடன் இருந்தால், தொய்ந்து வரும் நுனி அதில் முட்டி நின்றுவிடும். தலை உருண்டையாக இருந்தால் நுனி அதன் சரிவில் ஏறி மேலே வந்துவிடும்.

அடித்தளம்: ஏன் மூன்று பாதம்?

நான்கு கால் நாற்காலி மேடுபள்ளமான தரையில் ஆடும், முக்காலி ஆடாது. எந்த மூன்று புள்ளிகளின் வழியாகவும் ஒரு தளம் செல்லும் என்பது வடிவியல் உண்மை. நம் பட்டறைத் தரைகள் பெரும்பாலும் மண் தரை, அல்லது வெடித்த சிமெண்ட் தரை. ஆகையால் மூன்று பாதமே ஏற்றது.

5 செ.மீ. சதுரச் சட்டத்தில் 75 செ.மீ. நீளத்துக்கு ஒரு குறுக்குக் கட்டையும் 65 செ.மீ. நீளத்துக்கு ஒரு நெடுக்குக் கட்டையும் வெட்டிக்கொள்க. நெடுக்குக் கட்டையின் ஒரு முனையையும் குறுக்குக் கட்டையின் நடுப்பகுதியையும் பாதித் தடிப்புக்கு வெட்டி, ஒன்றில் ஒன்றைப் பதித்துத் திருகாணி இடுக. குறுக்குக் கட்டையின் இரு முனைகளிலும் நெடுக்குக் கட்டையின் முன்முனையிலும் 5 செ.மீ. சதுரமும் 2 செ.மீ. தடிப்பும் உள்ள பாதத் துண்டுகளை அறைக. தரையைத் தொடுபவை இம்மூன்று மட்டுமே.

இந்த மூன்று பாதங்களும் ஒரு முக்கோணம். அதன் அடி 70 செ.மீ.; உயரம் 60 செ.மீ. தாங்கியின் தூண் எங்கே நிற்க வேண்டும்? முக்கோணத்தின் நடுக்கோடுகள் சந்திக்கும் இடத்தில், அதாவது குறுக்குக் கட்டையின் நடுக்கோட்டிலிருந்து உயரத்தின் மூன்றில் ஒரு பங்கான 20 செ.மீ. தள்ளி. அங்கே நின்றால் மூன்று பாதங்களும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். வடிவியல் வகுப்பில் வரைந்த கோடுகள் பட்டறையில் இப்படிப் பயன்படுகின்றன!

குறுக்குக் கட்டை ரம்ப மேசையின் பக்கமும், நீண்ட முன்பாதம் எதிர்ப்பக்கமும் இருக்கும்படி தாங்கியை வைக்க வேண்டும். காரணம், நகரும் பலகை தாங்கியின் தலையை உராய்வினால் முன்னோக்கி இழுக்கிறது. 7 கிலோ அழுத்தத்துக்கு இந்த இழுப்பு ஏறத்தாழ 2 கிலோ. தலை 85 செ.மீ. உயரத்தில் இருந்தால், கவிழ்க்கும் திருப்புத்திறன் 1.7 கிலோ மீட்டர். தாங்கியின் எடை 7 கிலோ என்று கொண்டால், பலகைச் சுமையுடன் 14 கிலோ. தூணிலிருந்து முன்பாதம் 40 செ.மீ. தூரத்தில் உள்ளதால், நிலைநிறுத்தும் திருப்புத்திறன் 5.6. மூன்று மடங்குக்கு மேல் பாதுகாப்பு உள்ளது.

தூணும் உறையும்

60 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. தடிப்பு உள்ள இரண்டு பலகைகளை நெடுக்குக் கட்டையின் இருபுறமும் நிறுத்தி, கீழ் 5 செ.மீ. பகுதியில் இரண்டு போல்ட்டுகளால் முடுக்குக. நெடுக்குக் கட்டையின் அகலம் 5 செ.மீ. ஆகையால் இரண்டு பலகைகளுக்கும் இடையே 5 செ.மீ. சந்து கிடைக்கும். இதுவே உறை. இந்தச் சந்தில் மேலும் கீழும் நகர இருப்பது 4.8 செ.மீ. சதுரமும் 60 செ.மீ. நீளமும் உள்ள தூண்.

உறைக்குள் மூன்று துண்டுகளைப் பொருத்த வேண்டும்.

முதலாவது முதுகுச் சட்டம். 5 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. தடிப்பு, 55 செ.மீ. நீளம். இது ரம்ப மேசையை நோக்கிய விளிம்பில், அடி முதல் நுனி வரை நிற்கும்.

இரண்டாவது சாய்வுக் கட்டை. உயரம் 12 செ.மீ. இதன் தடிப்பு மேல் முனையில் 1.7 செ.மீ.; கீழ் முனையில் 3.2 செ.மீ. சாய்ந்த முகம் தூணைப் பார்க்கும்படி, எதிர் விளிம்பின் உச்சியில் இதைப் பொருத்துக. இப்போது தூணுக்கும் இதற்கும் இடையே மேலே 3 செ.மீ., கீழே 1.5 செ.மீ. உள்ள ஒரு குறுகும் வாய் கிடைக்கும்.

மூன்றாவது வழிகாட்டிச் சட்டம். 4.5 செ.மீ. தடிப்பு, 30 செ.மீ. நீளம். சாய்வுக் கட்டைக்குக் கீழே 10 செ.மீ. இடைவெளி விட்டு இதைப் பொருத்துக. தூணின் அடிப்பகுதி முன்னும் பின்னும் அலையாதபடி இது காக்கும். அந்த 10 செ.மீ. இடைவெளியின் பயனைப் பின்னர் காண்போம்.

மூன்றுக்கும் இருபக்கப் பலகைகளின் வழியாகவே திருகாணி இடுக. பிறகு, குறுக்குக் கட்டையின் முனைகளிலிருந்து உறையின் நடு உயரத்துக்கு இரண்டு முட்டுச் சட்டங்களைச் சாய்வாகக் கொடுக்க வேண்டும். இவற்றுக்கு அளவு சொல்வதைவிட, இடத்தில் வைத்துப் பார்த்துக் குறித்து வெட்டுவதே மேல். நாற்கரச் சட்டம் அழுத்தினால் சாயும். முக்கோணச் சட்டம், அதன் பக்கங்கள் முறியாதவரை, வடிவம் மாறாது. முட்டுகள் உறையை முக்கோணத்தில் கட்டிப்போடுகின்றன.

தலைக்கு 40 செ.மீ. நீளம், 7 செ.மீ. உயரம், 5 செ.மீ. அகலத்தில் உறுதியான கட்டை ஒன்றை எடுத்து, மேற்பகுதியை இழைப்புளியால் உருண்டையாக்குக. தூணின் நுனியைச் சிறுத்துக் கழுந்தாக்கி, தலையில் துளையிட்டு இறுக்கிப் பசையிடுக. தலைக்கு மெழுகு தேய்த்தால் பலகை வழுக்கிச் செல்லும். உருளை வைத்தால் இன்னும் எளிது அல்லவா என்று சிலர் கேட்கலாம். எளிதுதான், ஆனால் உருளை சற்றே கோணலாக நின்றாலும் பலகையைப் பக்கவாட்டில் ஓட்டிச்சென்று ரம்பத்தில் நெருக்கிவிடும். உருண்டைத் தலைக்கு அந்தக் குறும்பு இல்லை.

ஆப்பின் இரகசியம்

இனி இக்கருவியின் உயிர்நிலையான ஆப்பு. புளி அல்லது கருவேல மரத்தில் 20 செ.மீ. நீளம், 4.8 செ.மீ. அகலம், தடிப்பு தலையில் 3.5 செ.மீ., வாலில் 1 செ.மீ. அதாவது 8-க்கு 1 சாய்வு. சாய்வுக் கட்டையின் சாய்வும் அதுவே. ஆப்பை மேலிருந்து வாயில் இறக்கிக் கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டினால், அது தூணை முதுகுச் சட்டத்தோடு சேர்த்து நெருக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஆப்பு என்பது நகரும் சாய்தளம். அது தானாகப் பின்வாங்காமல் இருப்பது உராய்வினால். மரத்தின் மேல் மரம் எந்தச் சாய்வில் வழுக்கும் என்பதை நீங்களே அளக்கலாம். ஒரு பலகையின் மேல் சிறு மரத்துண்டை வைத்துப் பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். துண்டு வழுக்கத் தொடங்கும்போது, முனையின் உயரத்தைக் கிடைத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது உராய்வுக் கெழு. இழைத்த உலர்ந்த மரத்துக்கு அது பெரும்பாலும் 0.3 முதல் 0.5 வரை இருக்கும். நம் ஆப்பின் சாய்வோ 0.125 மட்டுமே. ஆகவே அது பிதுங்கி வெளியேறாது.

இதில் இன்னொரு நுட்பமும் செய்யலாம். ஆப்பின் இரு முகங்களையும் ஒன்றுபோல் விடாமல், தூணைத் தொடும் முகத்தில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை ஒட்டுக; சாய்வுக் கட்டையைத் தொடும் முகத்தில் மெழுகுவத்தியைத் தேய்க்க. ரப்பர் தூணை விடாது. மெழுகுப் பக்கமோ வழுக்கும். பலகையின் எடையால் தூண் இறங்க முயன்றால், ரப்பரால் பற்றப்பட்ட ஆப்பையும் அது தன்னோடு கீழே இழுக்கும். கீழே போகப் போக வாய் குறுகுகிறது, பிடி இறுகுகிறது. சுமை கூடினால் பிடியும் கூடுகிறது! இரு முகங்களும் ஒரே அளவு உராய்வுள்ளவையாக இருந்தால் இந்தப் பயன் கிடைக்காது. ஆப்பு அசையாமல் நிற்க, தூண் மட்டும் நழுவிவிடும்.

தளர்த்துவது எப்படி? ஆப்பின் வால் 4 செ.மீ. அளவுக்குச் சாய்வுக் கட்டைக்குக் கீழே நீண்டிருக்கும். முன்பு விட்ட 10 செ.மீ. இடைவெளியின் வழியாக அதைக் கீழிருந்து தட்டினால் ஆப்பு விடுபடும். அதற்குமுன் மறு கையால் தலையைப் பிடித்துக்கொள்ள மறவாதீர்கள். இல்லையேல் தூண் விருட்டென்று இறங்கிவிடும்.

தலை தரையிலிருந்து 74 செ.மீ. முதல் 99 செ.மீ. வரை எந்த உயரத்திலும் நிற்கும். எவ்வளவு உயர்த்தினாலும் தூணில் 30 செ.மீ. உறைக்குள் இருக்க வேண்டும். அந்த இடத்தில் தூணின் மேல் சிவப்புக் கோடு ஒன்றைப் போட்டுவிடுக. கோடு உறைக்கு மேலே தெரிந்தால் எல்லை மீறிவிட்டது என்று பொருள்.

மழைக்காலம் சொல்லித்தந்த பாடம்

நான் செய்த முதல் தாங்கியில் தூணுக்கும் உறைக்கும் இடையே மயிரிழைகூட இடம் விடவில்லை. சித்திரை வெயிலில் செய்தது. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் தூண் இறங்கியது. பெருமையோடு எல்லோரிடமும் காட்டினேன். ஐப்பசி மழை வந்தது. தூண் அசையவே இல்லை. கொட்டாப்புளியால் அடித்ததில் உறை பிளந்ததுதான் மிச்சம்.

பிழை மரத்தினுடையது அன்று, என்னுடையது. அறுத்து உலர்த்திய மரமும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கிறது, வறண்டால் சுருங்குகிறது. நார் ஓடும் நீளவாக்கில் இந்த மாற்றம் புறக்கணிக்கத்தக்கது. நாருக்குக் குறுக்கே அது கணிசமானது. 5 செ.மீ. கட்டை, கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையே முக்கால் மி.மீ. வரை பருக்கக்கூடும். உறையின் இரு பக்கங்களும் சிறிது நெருங்கிவரும். எனவேதான் இங்கே 2 மி.மீ. இடம் விட்டிருக்கிறோம். அந்தத் தளர்ச்சியை எடுத்துக்கொள்வது ஆப்பின் வேலை.

ஈரம் உறிஞ்சிப் பருக்காத மரத்தைப் பார்க்க விரும்புவோர் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குச் செல்லலாம். அங்கே சுமார் 18 மீட்டர் நீள அடிமரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. நிலவியலார் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் உலகறியச் செய்த இம்மரத்தின் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். அதன் திசுக்களின் இடத்தைக் கனிமப் பொருள் பிடித்துக்கொண்டுவிட்டது. அதற்கு மழையும் ஒன்றே, வெயிலும் ஒன்றே. நம் பட்டறை மரமோ இன்னும் பருவத்தோடு மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. அதை மதித்து இடம் விடுவதே தச்சுத் தொழிலின் பாதி அறிவு.

பயன்படுத்தும்போது

உயரத்தைச் சரிபார்க்க, நீண்ட மட்டப்பலகை ஒன்றை மேசையின் மேல் படியவைத்துத் தாங்கி வரை நீட்டுக. தலை அதைத் தொட்டும் தொடாமலும், அரை நூல் தாழ்ந்து இருப்பது நல்லது. உயர்ந்திருந்தால் பலகை மேசையை விட்டு எழும்பும். மட்டப்பலகை எட்டாத தூரமானால், கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு மட்டம் பார்க்கலாம்.

ரம்பத்தை இயக்கும் முன், அதை நிறுத்திய நிலையிலேயே பலகையை ஒருமுறை தாங்கியின் மேல் ஓட்டிப் பாருங்கள். தாங்கி நகர்ந்தால் பாதங்களுக்கும் ட்யூப் துண்டு ஒட்டுங்கள்.

தாங்கி இருக்கிறதே என்று மற்றப் பாதுகாப்புகளைக் கைவிடக் கூடாது. ரம்பத்துக்குப் பின்னால் அறுப்பு வாய் நெருங்காமல் காக்கும் பிளவுத் தகடும், மேல் மூடியும், தள்ளுகோலும் இருந்தே ஆக வேண்டும். ரம்பத்துக்கு நேர்கோட்டில் நிற்கக் கூடாது. சற்று ஒதுங்கி நிற்க வேண்டும்.

இரண்டு தாங்கிகள் செய்துவிட்டால் பயன் பன்மடங்காகும். கதவு நிலைக்கான நீண்ட சட்டத்தை ஒருவரே வைத்து இழைக்கலாம். உருண்டைத் தலைக்குப் பதில், நடுவில் முக்கோணப் பள்ளம் வெட்டிய தலையுடன் இன்னொரு தூண் செய்து மாற்றிக்கொண்டால், வளைந்த கட்டையும் உருளாமல் கிடக்கும்; தரையில் குந்திக் குனியாமல், முதுகு நிமிர நின்று செதுக்கலாம்.

நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பிக்கு இனி என்ன வேலை? அவன் கையில் மூலைமட்டத்தையும் பென்சிலையும் கொடுங்கள். ஆப்பு ஏன் நழுவவில்லை, முன்பாதம் ஏன் நீண்டிருக்கிறது என்று அவனிடம் கேளுங்கள். நாள் முழுவதும் பலகை பிடித்தவன் கற்காததை, இந்தத் தாங்கியைத் தன் கையால் ஒருமுறை செய்பவன் கற்றுக்கொண்டுவிடுவான். பத்து விரல்களும் முழுமையாக இருக்க, அவனும் ஒரு நாள் நல்ல தச்சனாவான்.